தொடை நெயில் போடும்போது மானிட்டரில் என் விரல் எலும்பு தெரிந்தது. எக்ஸ்ரே வாங்குவதை எப்படிக் குறைப்பது?

ரெண்டாம்வருடம்:

எலும்பு முறிவுப் பிரிவில் மேற்படிப்பு, இரண்டாம் வருடம். போன வாரம் ஒரு தொடை எலும்பு நெயில், அதாவது உடைந்த எலும்புக்கு உள்ளே இறக்கும் நீளக் கம்பி. எலும்பை நேராக்கி, நெயிலை இறக்கி, மேல் ஸ்க்ரூ போடும் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் கீழே இரண்டு ஸ்க்ரூ, நெயிலின் கீழ்முனையை எலும்போடு பூட்டுகிற டிஸ்டல் லாக்கிங். அதை முதல்முறையாக என் கையில் கொடுத்தார்கள். நெயிலின் ஓட்டை திரையில் முழு வட்டமாகத் தெரியும் வரை தியேட்டரிலேயே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் மெஷினைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தோம், அது முட்டை வடிவிலேயே நின்றது, ஒருவழியாக வட்டம் வந்ததும் டிரில் பிட்டின் முனையை நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு "ஷாட்" என்றேன். திரையில் வட்டம், நடுவில் டிரில் முனை, பக்கத்திலேயே என் ஆள்காட்டி விரலின் மூன்று எலும்பும் அச்சுப் போட்ட மாதிரி. ஒரு நொடி "அட, நன்றாகத் தெரிகிறதே" என்று ரசித்தேன், அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

முடிந்து பார்த்தால் எக்ஸ்ரே ஓடிய நேரம் மெஷினில் 4 நிமிடம் 10 நொடி. யாரும் எதுவும் சொல்லவில்லை. சீனியரிடம் கேட்டதற்கு "எல்லாருக்கும் இப்படித்தான், போகப் போகக் குறையும்" என்றார்.

எங்கள் தியேட்டரில் ஐந்து பேருக்கு இரண்டு தைராய்டு காலர் (கழுத்தை மறைக்கும் ஈயப் பட்டை), முதலில் வருபவர்களுக்குத்தான் கிடைக்கும். வாங்கிய கதிரை அளக்கும் பேட்ஜ் கொடுத்திருக்கிறார்கள், உண்மையைச் சொன்னால் அது லாக்கரில்தான் இருக்கிறது. கேள்வி இதுதான்: இது நிஜமாகவே பயப்பட வேண்டிய விஷயமா? தியேட்டரில் கடைசி ஆளாக நிற்கிற நான் என்ன மாற்ற முடியும்? ஈயம் கலந்த கையுறை கிடைக்கிறதாமே, சொந்தக் காசில் வாங்கட்டுமா?

பெடல்காரன்:

14 வருடமாகத் தியேட்டரில் சி-ஆர்ம் ஓட்டுகிற டெக்னீஷியன். கையுறையை வாங்காதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மெஷின் தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும். படத்துக்குள் ஈயம் வந்தால் "இருட்டாக இருக்கிறதே" என்று நினைத்துக் கதிரைக் கூட்டிவிடும். உங்கள் கைக்கும் பெரிய லாபம் இருக்காது, நோயாளிக்கும் சுற்றி நிற்கும் எல்லாருக்கும் சேர்த்து அதிகம் கொடுத்த மாதிரி ஆகும். கதிருக்கு வெளியே, நோயாளி உடம்பில் பட்டுச் சிதறும் தெறிப்பு படுகிற இடத்தில் இருக்கும் கைக்கு அது உதவும். கதிருக்குள் கை போகிறது என்றால் அதற்கு மருந்து கையுறை இல்லை, கையை எடுப்பதுதான்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், தம்பி. அந்த லேட்டரல் (பக்கவாட்டு) ஷாட்டில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள், கதிர் கிளம்பும் டியூப் பக்கமா, அதை வாங்கிப் படமாக்கும் டிடெக்டர் பக்கமா? இதை யாருமே கவனிப்பதில்லை. டியூப் பக்கம் நின்றிருந்தால் உங்கள் விரல் மேல் பட்டது காலுக்குள் நுழைவதற்கு முந்தைய முழுக் கதிர். டிடெக்டர் பக்கம் என்றால் தொடை முழுவதையும் தாண்டி மிச்சம் மீதி வந்தது, அது பல மடங்கு குறைவு. நேரடிக் கதிரை விடுங்கள், தெறிப்பும் அப்படித்தான். உடம்புக்குள் கதிர் நுழைகிற பக்கத்தில்தான் அதிகம் திரும்பித் தெறிக்கிறது. அதனால்தான் ஏ.பி. வியூவில், அதாவது நேர்ப் படத்தில், டியூப் எப்போதும் மேஜைக்குக் கீழே, டிடெக்டர் மேலே. தெறிப்பு நம் கால் பக்கம் போகும், ஈய ஏப்ரன் தாங்கும். தலைகீழாக வைத்தால் அத்தனையும் முகத்துக்கும் கழுத்துக்கும்தான்.

மற்றபடி நான் செய்பவை. டிடெக்டரை நோயாளிக்கு எவ்வளவு ஒட்ட முடியுமோ அவ்வளவு ஒட்டி, டியூபைத் தள்ளி வைப்பேன். கதிரின் அகலத்தைக் குறைக்கும் மடிப்புக் கதவுகளை மூடி, வேண்டிய இடத்தை மட்டும் காட்டுவேன், இதில் படமும் தெளிவாகும், தெறிப்பும் குறையும், இரண்டு பக்கமும் லாபம். "பெரிதாக்கு" என்று டாக்டர் கேட்டால் ஒரு தரம் யோசிக்கச் சொல்வேன், உருப்பெருக்கினால் கதிர் கூடும். கதிர் விட்டு விட்டு வரும் பல்ஸ் மோடு இருந்தால் நொடிக்கு 25 அல்லது 30 பல்ஸ் என்று இருப்பதை 8 ஆக்கிவிடுவேன். கதிர் அதே விகிதத்தில் குறையாது, ஒவ்வொரு பல்ஸும் கொஞ்சம் பலமாக வரும், ஆனாலும் நல்ல குறைவுதான். ஆட்டி ஆட்டிப் பார்க்கும் வேலை இல்லாத இடத்தில் யாருக்கு ஓடும் படம் வேண்டும்? ஒரு ஷாட், அப்புறம் திரையில் நிற்கும் கடைசிப் படத்தைப் பார்த்தே பேசுங்கள், யோசியுங்கள், சண்டை போடுங்கள். படம் எங்கேயும் ஓடிப்போகாது.

நேரம் தின்பது மெஷினை நகர்த்துவதுதான். "கொஞ்சம் மேலே" என்று டாக்டர் சொன்னால் நோயாளியின் தலைப் பக்கமா, கூரைப் பக்கமா? இதற்கே நாலு ஷாட் போய்விடும். நான் கேஸ் தொடங்குமுன் கேட்டுவிடுவேன்: தலைப் பக்கம், கால் பக்கம், உள்ளே, வெளியே, சாய், திருப்பு, இந்த ஆறு வார்த்தை மட்டும். ஏ.பி., லேட்டரல் இரண்டுக்கும் சக்கரம் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுவேன். திரும்ப வரும்போது டேப் மேல் நிறுத்தினால் முதல் ஷாட்டிலேயே இடம் கிடைக்கும். லேசர் புள்ளி இருந்தால் அதை வைத்துக் குறி பாருங்கள், இல்லாவிட்டால் தோலில் மார்க்கரால் ஒரு கோடு. தேடுவதற்கு எக்ஸ்ரே வேண்டாம், பார்ப்பதற்கு மட்டும் போதும்.

பழையநெயில்:

இந்த மாதிரி இழையைப் படித்துவிட்டு பையன்கள் பயந்துபோய் சி-ஆர்ம் இல்லாமல் ஸ்க்ரூ போட ஆரம்பித்தால் அப்புறம் நோயாளி கதி என்ன? நான் 26 வருடமாக நெயில் போடுகிறேன், காலர் என்று ஒன்று இருப்பதே பாதி காலத்துக்கு அப்புறம்தான் தெரியும். நன்றாகத்தான் இருக்கிறேன். ஒரு ஸ்க்ரூ தப்பான இடத்தில் போய் மறுபடியும் திறப்பதைவிட இரண்டு ஷாட் அதிகம் எடுப்பது மேல்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் படம் பார்த்துப் பார்த்துத்தான் எலும்பை இழுக்கிறார்கள். முதலில் இழு, சுழற்று, கையால் தடவிப் பார், நீளத்தை மறு காலோடு ஒப்பிட்டுப் பார். அதற்கு அப்புறம்தான் பெடலில் கால்.

மில்லிசீவர்ட்:

நான் மருத்துவ இயற்பியலாளன், அறுவைச் சிகிச்சை செய்பவன் இல்லை, அதனால் கத்திப் பக்கம் போகாமல் எண்கள் பக்கம் மட்டும் பேசுகிறேன்.

பழையநெயில் சார் நன்றாக இருப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு ஆள் நன்றாக இருப்பதை வைத்து இதில் எதுவும் சொல்ல முடியாது. புற்றுநோய் விஷயத்தில் கதிர் கூடுவது வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது, ஆளைப் பார்த்துக் குறி வைப்பதில்லை. கண் லென்ஸ் வேறு கதை, அது சேர்ந்து சேர்ந்து பின்பக்கத்தில் புரையாக வரும். முன்பு லென்ஸுக்கு வருடத்துக்கு 150 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரின் அலகு) வரை போகலாம் என்று வைத்திருந்தார்கள். 2011இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் அதை 5 வருடச் சராசரியில் 20 ஆக இறக்கச் சொன்னது, எந்த ஒரு வருடத்திலும் 50ஐத் தாண்டக் கூடாது. உடம்பு முழுவதற்கும் இதே 20, 50 கணக்குதான். கைக்கும் தோலுக்கும் வருடத்துக்கு 500. ஒப்பிட்டுப் பார்க்க: பூமியில் சும்மா வாழ்வதற்கே உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் நாம் எல்லாரும் வாங்குகிறோம்.

தம்பி கேட்ட கேள்விக்கு: ஒரு நாள் விரல் தெரிந்ததற்காகத் தூக்கம் கெட வேண்டாம். அதுவே பழக்கமாகி, வாரம் மூன்று கேஸ், முப்பது வருடம் என்று போனால்தான் கணக்கு மாறுகிறது. இந்தத் துறையின் ஆரம்பமே கையில்தான் நடந்தது, அதை மறக்க வேண்டாம். ரோண்ட்ஜன் கதிரைக் கண்டுபிடித்தது 1895இல். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி தன் கையையே கதிருக்கு முன்னால் நீட்டி நீட்டிச் சோதித்தார், கைகளை வெட்டி எடுத்தும் பிழைக்கவில்லை, 1904இல் இறந்தார். அன்றைய அளவும் இன்றைய அளவும் ஒன்றில்லை, ஒப்பிடவே முடியாது. ஆனால் கை என்னவோ அதே இடத்தில்தான் நீள்கிறது.

தூரம் பற்றி ஒரு வார்த்தை. நோயாளியின் தோல் மேல் விழும் கதிரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் 1 மீட்டர் தள்ளி நிற்பவரை எட்டும், இது ஒரு கைக்கணக்கு. தூரத்தை இரட்டித்தால் கால்வாசி. அரை மீட்டரில் நிற்பவர் ஒன்றரை மீட்டருக்குப் போனால் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டு எட்டு பின்னால் வைப்பதில் எந்த ஏப்ரனும் தேவைப்படாத லாபம் இருக்கிறது. "ஷாட்" என்று சொல்பவர் கை வேலையாக இருந்தால் நிற்கட்டும். சதையை விலக்கும் ரிட்ராக்டர் பிடிக்காமல் வேடிக்கை பார்க்கிற மூன்று பேர் ஏன் மேஜையை ஒட்டியே நிற்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

பேட்ஜ் லாக்கரில் இருந்தால் அது லாக்கருக்கு எவ்வளவு கதிர் பட்டது என்று அழகாகச் சொல்லும். ஒன்றுதான் கொடுத்திருக்கிறார்கள் என்றால் உங்கள் இடத்தில் எங்கே அணியச் சொல்கிறார்கள் என்று கேட்டு, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அணியுங்கள். இரண்டு இருந்தால் ஒன்று ஏப்ரனுக்கு உள்ளே மார்பில், இன்னொன்று வெளியே காலர் மட்டத்தில். வெளியே இருப்பதுதான் கண் எவ்வளவு வாங்குகிறது என்று ஓரளவு காட்டும். ஏப்ரனுக்கு வெளியே ஒரு நாள், உள்ளே ஒரு நாள் என்று மாற்றி மாற்றி மாட்டினால் வரும் எண்ணை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது.

பச்சைக்கவுன்:

ஸ்க்ரப் நர்ஸ், கருவிகளை எடுத்துக் கொடுப்பவள். எல்லாரும் டாக்டரைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்கள் கதையையும் கேளுங்கள். மில்லிசீவர்ட் சார் சொல்கிற இரண்டு எட்டு எனக்குக் கிடையாது, டிராலியை விட்டு எங்கே போவது? இன்னொன்றும் இருக்கிறது. முன்பக்கம் மட்டும் ஈயம் இருக்கும் ஏப்ரனைப் போட்டுக்கொண்டு, ஸ்க்ரூ எடுக்க டிராலிப் பக்கம் திரும்புவேன், அந்த நேரம் பார்த்து "ஷாட்" என்பார்கள். முதுகு முழுவதும் திறந்துதான் இருக்கும். இப்போது நான் "சிஸ்டர் திரும்பியிருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன், ஒரு நொடி பொறுப்பார்கள். சொன்னால்தான் தெரிகிறது, அவர்கள் மேல் தப்பு இல்லை, கண் முழுக்க மானிட்டரில்தானே இருக்கிறது.

கைக்குழி பெரிதாக வெட்டிய ஏப்ரனைப் பெண்கள் போடாதீர்கள். மேஜைக்குப் பக்கவாட்டில் நின்று கையை நீட்டும்போது அக்குள் பக்கம் மார்பின் ஓரம் திறந்துவிடும். அமெரிக்காவில் பெண் எலும்பு மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வுகளில் மார்பகப் புற்றுநோய் பொது மக்களைவிடக் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. காரணம் கதிர்தான் என்று அது நிரூபிக்கவில்லை, ஆனால் அளவுக்குப் பொருந்தும் ஏப்ரன் கேட்க அதுவே போதுமான காரணம். ஸ்கர்ட்டும் மேல்சட்டையுமாகப் பிரிந்து வருவது எனக்குப் பிடிக்கும், பாரம் இடுப்பில் இறங்கும், தோள்வலி இல்லை, முதுகும் மூடும்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் நான் மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் சர்வதேச வரம்பு. வயிற்று மட்டத்தில் ஏப்ரனுக்கு உள்ளே தனி பேட்ஜ் கேட்டு வாங்கிக்கொண்டேன், சி-ஆர்ம் இல்லாத கேஸ்களுக்கு மாற்றினார்கள். முதலில் சொல்லத் தயங்கினேன், வேலைக்குச் சோம்பல் என்று நினைப்பார்களோ என்று. தயங்கியது மூன்று வாரம், அது இப்போதும் உறுத்துகிறது.

அப்புறம், ஏப்ரனை மடித்து நாற்காலி மேல் போடுகிறவர்கள் யாராக இருந்தாலும் உங்களோடு எனக்குப் பேச்சில்லை. மடிந்த இடத்தில் உள்ளே ஈயத்தாள் வெடிக்கும், வெளியே துணி புதிது மாதிரியே இருக்கும். எங்கள் இடத்தில் ஒன்றை சி-ஆர்மிலேயே வைத்துப் பார்த்தோம், வயிற்றுக்கு நேராக ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

பழையநெயில்:

சரி, டிஸ்டல் லாக்கிங் எப்படிச் செய்கிறேன் என்று எழுதிவிடுகிறேன், தம்பிக்கு உபயோகப்படும்.

டிடெக்டர் பக்கம் நின்றால் டிரில் உள்ளே நுழைய இடம் இருக்காது, அதனால்தான் பல பேர் மெஷினைத் திருப்பி டியூபைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறார்கள். நான் டிடெக்டரை ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொள்வேன், கொஞ்சம் கதிர் கூடும், பரவாயில்லை. வட்டம் வந்ததும் டிரில் பிட்டைக் கையால் பிடிக்காதே. நீள ஆர்ட்டரி ஃபோர்செப்ஸில் (இடுக்கி) குறுக்காகக் கவ்விப் பிடி, பிட் சாய்ந்திருக்கட்டும், முனை மட்டும் வட்டத்தின் நடுவில். ஒரு ஷாட். முனை நடுவில் இருந்தால் அப்படியே கதிரின் திசைக்கு நிமிர்த்தி, சுத்தியால் லேசாக இரண்டு தட்டு, எலும்பில் ஒரு குழி விழும். இனி முனை வழுக்காது. இப்போது டிரில்லை மாட்டு, மானிட்டரைப் பார்க்காதே, கையைப் பார், முதல் புறணி (எலும்பின் கெட்டியான வெளிச்சுவர்) விட்டதும் சத்தம் மாறும், நெயில் ஓட்டைக்குள் போனால் எதிலும் உரசாமல் வழுக்கிக்கொண்டு போகும், அப்புறம் மறுபக்கப் புறணி. உள்ளே போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எக்ஸ்ரே கூட வேண்டாம். பிட் உள்ளே இருக்கும்போதே நெயிலின் மேல்வாய் வழியாக கைடு வயரை (நெயிலுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி) இறக்கிப் பார், "டிக்" என்று இரும்பில் இரும்பு இடிக்கும். இடிக்காமல் கடைசி வரை போய்விட்டால் நீ ஓட்டைக்கு வெளியே இருக்கிறாய்.

மின்காந்தக் குறி வைத்து எக்ஸ்ரேயே இல்லாமல் பூட்டுகிற கருவிகளும் வந்திருக்கின்றன, இருந்தால் தாராளமாக. இல்லாத இடம்தான் அதிகம்.

கண் லென்ஸ் பற்றிப் படித்தபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது. போன வருடம் இடது கண்ணில் புரை எடுத்தார்கள், பின்பக்கப் புரைதான். எனக்குச் சர்க்கரையும் இருக்கிறது, ஆகவே யார் மேலும் பழி போட முடியாது. ஈயக் கண்ணாடி இப்போது போடுகிறேன். மேலே அதைச் சொல்லாமல் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று எழுதிவிட்டேன், திருத்தவில்லை, இருக்கட்டும்.

மில்லிசீவர்ட்:

நன்றி சார். கண்ணாடிக்குப் பக்கவாட்டு மறைப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நோயாளி கீழே, மானிட்டர் ஒரு பக்கம், தெறிப்பு பெரும்பாலும் ஓரத்திலிருந்தும் கீழிருந்தும்தான் நுழையும்.

ரெண்டாம்வருடம்:

எல்லாருக்கும் நன்றி. பெடல்காரன் அண்ணா கேட்டதற்குப் பதில்: டியூப் பக்கம்தான் நின்றிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு எது டியூப் என்றே சரியாகத் தெரியாது, இதை எழுதுவதற்கு எவ்வளவு யோசித்தேன் என்று கேட்காதீர்கள்.

நேற்று இன்னொரு தொடை நெயில். டெக்னீஷியன் அண்ணாவிடம் முன்னாடியே போய் ஆறு வார்த்தைகளைச் சொன்னேன், "இத்தனை நாளாக யாரும் வந்து பேசியதில்லை" என்றார். டேப் அவரே ஒட்டினார். டிடெக்டர் என் பக்கம். பழையநெயில் சார் சொன்ன மாதிரி ஃபோர்செப்ஸில் பிட்டைப் பிடித்தேன், முதல் தடவை முனை வழுக்கிவிட்டது, இரண்டாவது தடவை குழி விழுந்தது. கீழே போடும் இரண்டில் கடைசி ஸ்க்ரூவுக்கு "டிக்" கேட்டது. அதற்கு மேலே இருக்கும் ஸ்க்ரூவுக்குக் கேட்கவில்லை, வயர் நேராகப் போய்விட்டது, எடுத்துவிட்டு மறுபடியும் போட்டோம், அதில்தான் நேரம் போயிற்று. மெஷினில் 2 நிமிடம் 35 நொடி. கேஸும் கேஸும் ஒன்றில்லை, இதை வைத்துப் பெருமை பேச முடியாது என்று தெரியும். ஆனால் ஒரு படத்தில்கூட விரல் இல்லை, கேஸ் முடிந்ததும் சேமித்த படங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.

காலர் விஷயத்தைச் சீனியரிடம் சொன்னேன், "எழுதிக் கொடு" என்றார், எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேட்ஜை லாக்கரிலிருந்து எடுத்துவிட்டேன். அதில் இதுவரை வந்த அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால் எல்லாக் காலாண்டிலும் பூஜ்யம். என்ன ஒரு பாதுகாப்பான லாக்கர்.

பெடல்காரன்:

நல்லது தம்பி. அந்த டேப்பை ராத்திரி தரை துடைப்பவர் பிய்த்துவிடுவார், முன்னாடியே சொல்லி வையுங்கள்.